ஆப்பிரிக்க அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்: எழுத்து, ஒப்பந்தம், வருமானம்

அமெரிக்காவில் கறுப்பினக் காதல் நாவல்களுக்கு வாசகர் பஞ்சம் இருந்ததில்லை. பதிப்பகங்கள்தான் வந்து வந்து போயின. 1980-இல் டெல் பதிப்பகத்தின் கேண்டில்லைட் வரிசையில் எடிட்டராக இருந்த விவியன் ஸ்டீபன்ஸ், 'ரோசலிண்ட் வெல்ஸ்' என்ற புனைபெயரில் எல்சி வாஷிங்டன் எழுதிய நாவலைக் கொண்டுவந்தார். நாயகன், நாயகி, எழுத்தாளர் மூவரும் கறுப்பினத்தவராக, பெரிய பதிப்பகம் ஒன்றின் காதல் வரிசையில் வந்த முதல் புத்தகம் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். 1990-இல் மேரிலாந்தில் லெட்டீஷியா பீப்பிள்ஸ் 'ஒடிசி புக்ஸ்' தொடங்கினார். 1994-இல் கென்சிங்டன் பதிப்பகம் 'அரபெஸ்க்' வரிசையை இறக்கியது. 1998-இல் அது பி.இ.டி. தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கைமாறியது. 2005-இல் ஹார்லிக்வின் பதிப்பகத்துக்குப் போய், 'கிமானி' ஆனது. நம் மாத நாவல் போல மாதாமாதம் வந்துகொண்டிருந்த கிமானி ரொமான்ஸும் 2018-ஓடு நின்றது.

ஆகவே இந்தத் தொழிலில் எடுக்கிற ஒவ்வொரு முடிவையும் ஒரு கேள்வியால் உரசிப் பாருங்கள்: இந்தப் பதிப்பகமோ இணையக் கடையோ நாளைக்குக் கதவைச் சாத்தினால், என் கையில் என்ன மிஞ்சும்?

கைப்பிரதி

வரிசை நாவல் என்றால் 50,000 சொற்களை ஒட்டி. தனி நாவல் என்றால் 75,000 முதல் 90,000. வரலாற்றுக் காதல் 1,00,000 வரை போகலாம். அதற்கு மேல் போனால் முதல் புத்தகத்தை வாங்கத் தயங்குவார்கள், அச்சுச் செலவு ஏறும். ஜோடி முதல் பத்து சதவீதத்துக்குள் சந்தித்துவிட வேண்டும். முடிவு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். குறைந்தபட்சம் 'இப்போதைக்குச் சேர்ந்துவிட்டார்கள்' என்ற நிலையாவது வேண்டும். ஒருவர் செத்துப்போகிற, அல்லது பாதியில் தொங்கவிடுகிற கதையைக் காதல் நாவல் என்று விற்றால், நடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒற்றை நட்சத்திர விமர்சனம்தான் வரும். வாசகிக்கு அது ஏமாற்று வேலை.

மோதல் எங்கிருந்து வருகிறது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். இனவெறியை மட்டுமே கதையின் எஞ்சினாக வைத்தால், ஜோடிக்கு நடுவே ஒன்றும் நடக்காது. வெளியுலகம் அடிக்கும், இவர்கள் வாங்கிக்கொள்வார்கள். இனவெறி அந்த உலகத்தில் இருக்கட்டும், ஆனால் இரண்டு பேரும் சேரத் தயங்கும் காரணம் அவர்களுக்குள்ளேயே இருக்க வேண்டும்: அவள் பாட்டியின் வீட்டை விற்க மாட்டாள், அவன் அதை வாங்க வந்த கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறான் என்பது போல. செய்தித்தாளில் அன்றாடம் பார்க்கிற துயரத்திலிருந்து சற்று மூச்சுவிடத்தான் பல வாசகிகள் இந்தப் புத்தகத்தை எடுக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

விவரம் பிசகினால் முதல் அத்தியாயத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். தலைமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். 'அவள் கூந்தலுக்குள் விரல்களை ஓடவிட்டான்' என்பது வெள்ளையினக் காதல் நாவல்களில் தேய்ந்துபோன வரி. உங்கள் நாயகி வீவ் என்ற சவுரிமுடி வைத்துத் தைத்திருந்தால் அவன் விரல் தையல் வரிசையில் போய் முட்டும். சூடு வைத்து முடியை நேராக்கும் சில்க் பிரஸ் செய்திருந்தால், மழையில் முத்தம் கொடுத்த மறுநிமிடம் அந்த நேர்முடி சுருண்டுவிடும். அதற்கு அவள் செலவழித்த பணமும் ஒரு சனிக்கிழமையும் போச்சு. இரவில் முடியைக் காக்கும் சாட்டின் பானெட் தொப்பி போடாமல் தூங்க மாட்டாள். முதல்முறை அவன் வீட்டில் தங்கும் இரவில் அந்த பானெட்டை எடுப்பதா வேண்டாமா என்பதே ஒரு நல்ல காட்சி. பின்னல் போட ஐந்தாறு மணி நேரம் ஆகும். 'போய்ப் பின்னிக்கொண்டு வந்தாள்' என்று ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். தோல் நிறத்தைச் சாக்லேட், காபி, கேரமல் என்று தின்பண்டமாக்குவதைக் கண்டாலே சலித்துக்கொள்ளும் வாசகர்கள் நிறையப் பேர்.

சொராரிட்டி (கல்லூரிப் பெண்களின் சங்கம்) விஷயத்தில் இன்னும் கவனம். ஆல்பா கப்பா ஆல்பா 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, நிறம் ரோஸும் பச்சையும். டெல்டா சிக்மா தீட்டா 1913-இல் அதே ஹோவர்டில், சிவப்பும் கிரீமும். மாற்றி எழுதினால் மன்னிக்கவே மாட்டார்கள், ஏனென்றால் அந்த உறுப்பினர்கள்தான் உங்கள் புத்தகத்தைக் குழுவாக வாங்குபவர்கள். அட்லாண்டாவின் ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரி, பக்கத்தில் இருக்கும் மோர்ஹவுஸ் ஆண்கள் கல்லூரி. நாயகனை ஸ்பெல்மனில் படிக்க வைத்துவிடாதீர்கள். கறுப்பினப் பேச்சுவழக்கில், எழுத்துக்கூட்டலைச் சிதைத்து எழுதுவதால் பாத்திரம் கேலிச்சித்திரமாகும். இலக்கணத்தைச் சரியாகப் பிடியுங்கள்: 'ஷீ பீ வொர்க்கிங்' என்றால் அவள் வழக்கமாக வேலை செய்கிறவள், இந்த நிமிடம் செய்துகொண்டிருக்கிறாள் என்று பொருளல்ல.

வரலாற்று நாவல் எழுதுபவருக்குத் தீனி ஏராளம். அடிமைத்தனத்தில் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலை பெற்றவர்களுக்காக அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பியூரோவின் பதிவேடுகளில், பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள் வரிசையில் நின்று பெயர் பதிந்தார்கள். பிரித்து விற்கப்பட்ட கணவனை, மனைவியைத் தேடி 'கிறிஸ்டியன் ரெக்கார்டர்' போன்ற பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். ஒவ்வொரு விளம்பரமும் ஒரு நாவல். 1877-இல் கன்சாஸில் உருவான நிக்கோடிமஸ் போன்ற கறுப்பின ஊர்களில் மருத்துவர், பத்திரிகையாளர், கடைக்காரர் எல்லோரும் உண்டு. அடிமைப் பண்ணையைத் தவிர வேறு களம் இல்லை என்று நினைக்கத் தேவையில்லை. லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் 'குரோனிக்லிங் அமெரிக்கா'வில் பழைய செய்தித்தாள்களை இலவசமாகப் படிக்கலாம். நியூயார்க்கின் ஹார்லெமில் ஷோம்பர்க் மையம், ஹோவர்டில் மூர்லண்ட்-ஸ்பிங்கார்ன், நியூ ஆர்லியன்ஸில் அமிஸ்டட் ஆகிய ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன.

ஏஜென்ட் வழி

பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் (எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்திடம் பேசுபவர்) இல்லாமல் கைப்பிரதியைத் தொடுவதில்லை. விண்ணப்பக் கடிதம் 250 முதல் 350 சொற்கள்: யார் யாரை விரும்புகிறார், எது தடுக்கிறது, தோற்றால் என்ன போகும், சொல் எண்ணிக்கை, ஒப்பிடத் தக்க இரண்டு புத்தகங்கள். இரண்டும் கடந்த மூன்று ஆண்டுகளில் வந்தவையாக இருக்கட்டும். ஒன்று கறுப்பினக் காதல் நாவல், மற்றொன்று உங்கள் உட்பிரிவில் பொதுவாக நன்றாக விற்றது. இரண்டுமே முதல் வகை என்றால், எடிட்டர் உங்களை அந்த ஒரு அலமாரிக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடுவார்.

ஒரே நேரத்தில் எட்டு பத்து பேருக்கு அனுப்புங்கள். இருபது பேரில் ஒருவர்கூட முழுப் பிரதி கேட்கவில்லையா, கடிதத்திலோ முதல் பத்துப் பக்கத்திலோ கோளாறு. முழுதாக வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பினால் கதையைப் பாருங்கள். 'பாத்திரங்களோடு ஒட்ட முடியவில்லை' என்ற பதில் கறுப்பின எழுத்தாளர்களுக்கு அளவுக்கு அதிகமாகவே வருகிறது. அந்த ஒரு வரிக்காக மட்டும் கதையைத் திருத்தாதீர்கள், மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் திருத்துங்கள். ஏஜென்ட் கமிஷன் 15 சதவீதம், அதுவும் உங்களுக்குப் பணம் வந்த பிறகு. படிப்பதற்கே கட்டணம் கேட்பவர் ஏஜென்ட் அல்ல.

ஒப்பந்தத்தில் உரிமை திரும்பும் பிரிவுதான் உயிர்நாடி. 'புத்தகம் கிடைக்கும்வரை' என்று மட்டும் இருந்தால், மின்னூல் ஒரு மூலையில் கிடக்கும்வரை உரிமை அவர்களிடமே. அதற்குப் பதிலாக எண் கேளுங்கள்: அடுத்தடுத்த இரண்டு ராயல்டி காலங்களில் விற்பனை, உதாரணமாக, 250 பிரதிக்குக் கீழே போனால் எழுதிக் கேட்டதும் உரிமை திரும்ப வேண்டும். வரிசை மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதி வாங்குங்கள். அடுத்த புத்தகத்தை முதலில் அவர்களுக்கே காட்டும் பிரிவை 'இதே தொடரின் அடுத்த நாவல், 60 நாள்' என்று சுருக்குங்கள். புனைபெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும்; பெயர் பதிப்பகத்திடம் போனால் வெளியே வரும்போது வாசகர்களை அழைக்க உங்களிடம் பெயரே இருக்காது. இரண்டு புத்தக ஒப்பந்தத்தில் முன்பணக் கணக்கை ஒன்றாகக் கட்டினால், முதல் புத்தகம் ஓடினாலும் இரண்டாவதின் நஷ்டம் அதை விழுங்கிவிடும். தனித்தனிக் கணக்குக் கேளுங்கள்.

15,000 டாலர் முன்பணம் என்றால் பெரிதாகத் தெரியும். கையெழுத்து, கைப்பிரதி ஏற்பு, வெளியீடு என மூன்று தவணையில் 5,000 வீதம், ஒன்றரை இரண்டு வருடத்தில் வரும். ஒவ்வொன்றிலும் ஏஜென்டுக்கு 750. பேப்பர்பேக் 18 டாலர், ராயல்டி 7.5 சதவீதம் என்றால் பிரதிக்கு 1.35. முன்பணம் முதலில் அதில் கழியும் என்பதால், அச்சில் மட்டும் பார்த்தால் 11,000-க்கும் மேல் விற்ற பிறகுதான் அடுத்த காசு.

சொந்தப் பதிப்பு வழி

பதிப்பகங்கள் கதவைச் சாத்திய காலத்தில் இந்தத் துறையைத் தாங்கியது இதுதான். அமேசானின் சொந்தப் பதிப்புத் தளமான கே.டி.பி.யில் மின்னூல் 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருந்தால் 70 சதவீதம், வெளியே போனால் 35. 4.99-க்கு விற்றால் ஏறக்குறைய 3.40 கைக்கு வரும். 99 சென்ட்டுக்கு விற்றால் 35 சென்ட். 70 சதவீதத் திட்டத்தில் கோப்பின் எடைக்கு மெகாபைட்டுக்கு 15 சென்ட் பிடிப்பார்கள், உள்ளே படங்களை அடைத்துக் கனமாக்க வேண்டாம்.

அமேசானின் சந்தா வாசிப்புத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்த்தால் படித்த பக்கத்துக்குப் பணம், பக்கத்துக்கு அரை சென்ட்டுக்கும் கீழே. 350 பக்க நாவலை ஒருவர் முழுதாகப் படித்தால் ஒன்றரை டாலர் போல. கறுப்பினக் காதல் வாசகிகள் அங்கே நிறைய, அதனால் முதல் இரண்டு மூன்று புத்தகங்களுக்கு நல்ல வழி. ஆனால் 90 நாள் மின்னூல் அமேசானுக்கு மட்டுமே. உங்கள் சொந்தத் தளத்திலோ கோபோ போன்ற வேறு மின்னூல் கடையிலோ ஒரு பிரதி இருந்தால்கூட விதிமீறல், கணக்கே முடங்கலாம்.

கே.டி.பி. இலவசமாகத் தரும் ஐ.எஸ்.பி.என். (நூலின் அடையாள எண்) வேறு எங்கும் செல்லாது. அமெரிக்காவில் அதை விற்கும் பவ்கர் நிறுவனத்தில் ஒன்று 125 டாலர், பத்து 295. மூன்று புத்தகம் எழுதும் எண்ணம் இருந்தால் பத்தாகவே வாங்குங்கள். காப்பிரைட் பதிவு ஒரே ஆசிரியரின் ஒரே நூலுக்கு 45 டாலர். வெளியான மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் திருட்டு வழக்கில் சட்டம் நிர்ணயித்த இழப்பீடு கேட்கும் உரிமை முழுதாக நிற்கும். காப்பி எடிட்டிங் சொல்லுக்கு 2 முதல் 3 சென்ட், 80,000 சொல்லுக்கு 1,600 முதல் 2,400 டாலர். பட்ஜெட்டில் இதைத் தொடாதீர்கள்; விளம்பரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அட்டையில் கறுப்பின ஜோடியின் படம் கிடைப்பது இன்னும் பாடுதான். வழக்கமான படக் கிடங்குகளில் தேடினால் அதே நாலு முகம், ஐந்து எழுத்தாளர்களின் அட்டையில். அதனால்தான் பலர் ஓவிய அட்டைக்கோ சொந்தப் படப்பிடிப்புக்கோ போகிறார்கள். படம் எடுத்தால் மாடல்களிடம் வணிக உபயோகத்துக்கான கையெழுத்து வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். அச்சில் ஒரு சிக்கல் வரும்: திரையில் பளபளக்கும் கருமையான தோல், காகிதத்தில் மை ஊறி ஒரே இருட்டாகி, கன்னமும் தாடையும் காணாமல் போகும். வெளிச்சத்தை மொத்தமாக ஏற்றினால் தோல் சாம்பல் பூத்துவிடும், நாயகியை வெளுக்க வைத்ததாகத் திட்டும் வாங்குவீர்கள். நடுத்தர நிழல்களை மட்டும் உயர்த்தி, புரூஃப் பிரதி ஒன்று வரவழைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

எந்த அலமாரி

கே.டி.பி.யில் மூன்று பிரிவு தேர்ந்தெடுக்கலாம். ஒன்று மட்டும் ஆப்பிரிக்க அமெரிக்க ரொமான்ஸ்; மற்ற இரண்டும் கதையின் தன்மைக்கு: சிற்றூர்க் காதல், விளையாட்டு வீரர், இரண்டாம் வாய்ப்பு, எதுவோ அது. மூன்றையும் இனத்தின் பெயரிலேயே நிரப்பினால், அதே வகைக் கதையைத் தேடும் மற்ற வாசகர்கள் கண்ணில் படவே மாட்டீர்கள். ஒன்றுகூட வைக்காவிட்டால் உங்களைத்தான் தேடி வருபவர்கள் தவறவிடுவார்கள். 'அர்பன் ஃபிக்‌ஷன்' என்று கடைகள் தாமாகப் போட்டுவிடுவதும் நடக்கும். போதைக்கும்பல் கதை எதிர்பார்த்து வாங்கியவர் மெல்லிய காதல் கதைக்கு இரண்டு நட்சத்திரம் கொடுப்பார். உடனே கடைக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.

வாசகர் பட்டியல்

மின்னஞ்சல் பட்டியல் உங்கள் சொத்து. ஃபேஸ்புக் பின்தொடர்பவர்கள் ஃபேஸ்புக்கின் சொத்து. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அதே ஜோடியின் திருமணம் பற்றி 8,000 சொல் குறுங்கதை ஒன்றை இலவசமாகத் தருவதாகச் சொல்லி மின்னஞ்சல் வாங்குங்கள். அமெரிக்கச் சட்டப்படி ஒவ்வொரு வணிக அஞ்சலிலும் தபால் முகவரி இருக்க வேண்டும். வீட்டு முகவரியைப் போடாமல் தபால்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பினப் பெண்களின் புத்தகக் குழுக்கள் இந்தத் துறையின் முதுகெலும்பு. தேவாலயம், சொராரிட்டி கிளை, நூலகம் எங்கும் உண்டு. புத்தகத்தின் பின்னால் பத்து விவாதக் கேள்வி சேர்த்துவிடுங்கள், அரை மணி நேரம் வீடியோவில் வந்து பேசுவதாகச் சொல்லுங்கள். சிறு புத்தகக் கடைகளுக்கு இன்கிராம்ஸ்பார்க் என்ற விநியோக நிறுவனம் வழியாக 53 முதல் 55 சதவீதத் தள்ளுபடியும் திருப்பி எடுக்கும் வசதியும் தந்தால்தான் வாங்குவார்கள். திரும்பி வரும் பிரதிகளின் செலவு உங்கள் தலையில் என்பதால், நிகழ்ச்சி உறுதியான கடைக்கு மட்டும், சில மாதங்களுக்கு மட்டும் அந்த வசதியைத் திறந்துவிடுங்கள்.

விருதை நம்பித் திட்டம் போடாதீர்கள். காதல் எழுத்தாளர்களின் சங்கமான ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்காவை 1980-இல் தொடங்கியவர்களில் கறுப்பினத்தவரான விவியன் ஸ்டீபன்ஸும் ஒருவர். ஆனாலும் அதன் ரீட்டா விருது கறுப்பின எழுத்தாளருக்கு முதன்முதலாகப் போனது 2019-இல்தான். மறு ஆண்டே ரீட்டாவை நிறுத்தி, ஸ்டீபன்ஸ் பெயரில் புதிய விருது அறிவித்தார்கள். 2024-இல் அந்த அமைப்பே திவால் பாதுகாப்புக்கு மனுச் செய்தது.

வேலையை எப்போது விடலாம்

அவசரம் வேண்டாம். நூற்றுக்கு மேல் நாவல் எழுதிய பிரெண்டா ஜாக்சன் காப்பீட்டு நிறுவன வேலையில் இருந்துகொண்டே நெடுங்காலம் எழுதினார். சொந்தப் பதிப்பகமும் வைத்தார். எழுத்து வருமானம் மட்டும் தொடர்ந்து இரண்டு வருடம் வீட்டுச் செலவைத் தாண்ட வேண்டும், அதுவும் பழைய புத்தகங்களிலிருந்து பாதியாவது வர வேண்டும். புதிய புத்தகம் வெளியான மாதத்து வரவை வைத்து ராஜினாமா எழுதுவது ஆபத்து, நாலாவது மாதம் அது வடிந்துவிடும். மருத்துவக் காப்பீட்டுச் செலவையும் கணக்கில் சேருங்கள். அமெரிக்காவில் வேலையோடு அதுவும் போய்விடும்.

ராயல்டியில் வரி பிடித்துக்கொண்டு தர மாட்டார்கள். வருமான வரியோடு 15.3 சதவீதச் சுயதொழில் வரியும் உண்டு. வருகிற ஒவ்வொரு தொகையிலும் 25 முதல் 30 சதவீதத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்து, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் காலாண்டு முன்வரியைக் கட்டிவிடுங்கள். எடிட்டர், அட்டை ஓவியர், மாடல் ஆகியோருக்குக் கொடுத்த பணமெல்லாம் செலவுக் கணக்கில் கழியும். ரசீதுகளை அன்றன்றே படமெடுத்து வைக்கவும்.