கோமாளி மீன் குஞ்சுக்கு முதல் தீனி: ரோட்டிஃபர் வாளி வைப்பது எப்படி

கோமாளி மீன் ஜோடி ஓட்டின் மேல் முட்டை போட்டுவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ரோட்டிஃபர், அதாவது மீன் குஞ்சு தின்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரி, இருக்கிறதா? இல்லையென்றால் இந்தத் தடவை முட்டையை விட்டுவிடுங்கள். 27, 28 டிகிரியில் ஏழெட்டு நாளில் பொரித்துவிடும், அதற்குள் தீனியைத் தயார் செய்ய முடியாது. கடையில் வாங்கும் பொடித் தீனியை எவ்வளவு நுணுக்கிப் போட்டாலும் அது ஆடாமல் கிடக்கும், குஞ்சு கொத்துவது ஆடுகிற பொருளைத்தான். அதன் வாய்க்கு ஆர்டீமியா, அதாவது உப்புநீர் இறால் குஞ்சு, பெரிது. ரோட்டிஃபர் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்கூட வராது, தண்ணீரில் மெதுவாகச் சுழன்றுகொண்டே போகும், குஞ்சு குறிபார்த்துக் கொத்தத் தோதானது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் 2010-ல் கோபியா, அதாவது கடல் விரால், குஞ்சு பொரிக்க வைத்தபோது அங்கேயும் முதல் தீனி ரோட்டிஃபர்தான். அவர்கள் டன் கணக்கில் செய்வதை நாம் வாளியில் செய்யப்போகிறோம்.

வேலை இரண்டு. ரோட்டிஃபருக்குப் பாசி வளர்க்க வேண்டும், அப்புறம் ரோட்டிஃபரை வளர்க்க வேண்டும். முட்டை வருவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் தண்ணீர். உப்பு 25 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 25 பங்கு, இருந்தால் போதும். கடல் தண்ணீர் 35 என்றால், ஐந்து பங்குக்கு இரண்டு பங்கு நல்ல தண்ணீர் கலந்தால் சரியாக 25 வரும். அதை 20 லிட்டர் குடிநீர் கேனில் பிடித்து, வீட்டில் இருக்கும் ஐந்து சதவீத ப்ளீச்சிங் திரவம் 10 மில்லி விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் சோடியம் தயோசல்பேட் படிகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குளோரினை முறிக்க வேண்டும். குளோரின் பார்க்கும் சொட்டுத் திரவத்தை விட்டால் துளி மஞ்சள்கூட வரக்கூடாது. இதில் அவசரப்பட்டால் பாசி வெளுத்துப் போகும்.

இனி பாசி. நானோகுளோராப்சிஸ் என்று கேட்டு வாங்குங்கள். கடல் மீன் பொரிப்பகங்களிலும், மீன்வளக் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் இது இருக்கும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான், நாலைந்து லிட்டர் கரும்பச்சைப் பாசித் தண்ணீரைக் கேனில் ஊற்றி மீதியைத் தயாரித்த தண்ணீரால் நிரப்ப வேண்டும். உரத்துக்கு எஃப் பை டூ (f/2) என்ற பாசி உரக் கரைசல் கிடைத்தால் பாட்டிலில் போட்ட அளவுப்படி விடுங்கள். கிடைக்காவிட்டால் பொரிப்பகங்களில் வெளித்தொட்டிக்குப் போடும் பழைய கணக்கு இருக்கிறது: ஒரு டன் தண்ணீருக்கு அமோனியம் சல்பேட் 100 கிராம், சூப்பர் பாஸ்பேட் 10, யூரியா 10. நம் தராசில் 0.2 கிராம் யூரியா நிற்காது, ஆகவே ஒரு லிட்டர் தண்ணீரில் 20, 2, 2 கிராம் வீதம் கரைத்து, தெளிந்ததில் 100 மில்லி எடுத்து 20 லிட்டர் கேனுக்கு விட்டால் கணக்குச் சரி. இந்த உரம் போட்ட பாசி கரும்பச்சை ஆகும்வரை ரோட்டிஃபர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், மிச்சம் இருக்கும் அமோனியா அதைக் கொன்றுவிடும். கேனுக்குப் பக்கத்தில் ஒரு எல்இடி டியூப் லைட், உள்ளே காற்றுக் கல் இல்லாத வெறும் ஏர் டியூப். காற்று நின்றால் பாசி அடியில் படிந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் கேனுக்குப் பின்னால் கையை வைத்தால் விரல் தெரியாது, அதுதான் பதம்.

ரோட்டிஃபருக்கு 20 லிட்டர் வாளியில் 15 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதே உப்பு. கேட்டு வாங்க வேண்டிய பெயர் பிராகியோனஸ் பிளிகாட்டிலிஸ். இங்கேயும் காற்றுக் கல் வேண்டாம், பொடிக்குமிழி ரோட்டிஃபரை நுரையோடு மேலே தள்ளி ஓரத்தில் ஒட்டவைத்துவிடும். பெரிய குமிழி மெதுவாக வந்தால் போதும். தண்ணீர் எப்போதும் இளம்பச்சையாக இருக்கட்டும். காலையில் ஊற்றிய பச்சை சாயங்காலம் தெளிந்தால் எல்லாம் நன்றாக நடக்கிறது, மறுபடி ஊற்றுங்கள். பேக்கரி ஈஸ்ட் போட்டாலும் ரோட்டிஃபர் பெருகும், மறுக்கவில்லை, ஆனால் ஈஸ்டில் ஒமேகா 3 கொழுப்பு இல்லாததால் அதைத் தின்று வளர்ந்த ரோட்டிஃபரைத் தின்ற குஞ்சு வயிறு நிறைந்தபடியே செத்துப்போகும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் வாளித் தண்ணீரை மோந்து, இருட்டறையில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெயில் கீற்றில் பறக்கும் தூசு மாதிரி வெள்ளைப் புள்ளிகள், ஆனால் தூசு மிதக்கும், இவை தாமாகவே போகும். லென்ஸில் பார்த்தால் பெண் ரோட்டிஃபரின் பின்னால் முட்டை ஒன்றிரண்டு தொங்கும். பாதிக்குப் பாதி முட்டையோடு இருந்தால் வாளி நலம். முட்டையே காணோம், ரோட்டிஃபர்கள் அடியில் கிடக்கின்றன, தண்ணீர் நாறுகிறது என்றால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். எண்ணுவதற்கு ஒரு மில்லி எடுத்து ஒரு சொட்டு அயோடின் விட்டால் அசையாமல் நிற்கும்.

மில்லிக்கு 100 வந்த பிறகு தினமும் கால்பங்கு அறுவடை. 15 லிட்டரில் 15 லட்சம், கால்பங்கு எடுத்தால் மூன்றே முக்கால் லட்சம். குஞ்சுத் தொட்டி 20 லிட்டர், மில்லிக்கு 10 வேண்டும் என்றால் 2 லட்சம் போதும், மிச்சமே இருக்கும். 53 மைக்ரான் சல்லடையில் வடித்து, சுத்தமான உப்புத் தண்ணீரில் அலசிக் குஞ்சுக்கு விடுங்கள், வாளித் தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். எடுத்த அளவுக்குப் பாசித் தண்ணீரை வாளியில் ஊற்றுங்கள். நாளுக்கு நாலு லிட்டர் போகும் என்பதால் மூன்று கேனாவது சுழற்சியில் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். வாளியில் கிடந்த ஏர் டியூபைத் துடைக்காமல் பாசிக் கேனில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். ரெண்டு மூன்று நாளில் பச்சை வெளிறி, நாலாம் நாள் காலையில் கேனுக்குப் பின்னால் இருந்த காலண்டரின் தேதியைப் படிக்க முடிந்தது. ஒட்டியிருந்த நாலைந்து ரோட்டிஃபர் போதும், கேன் முழுக்கத் தின்றுவிடும். இப்போது பாசி ஒரு அறை, ரோட்டிஃபர் இன்னொரு அறை, பாசி வேலையை முடித்த பிறகுதான் வாளியைத் தொடுவேன். ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் பிரித்துவைத்து, ஃபிரிட்ஜில் ஒரு பாட்டில் பாசியும் வைத்திருக்கிறேன்.

முட்டையில் கண் வெள்ளியாகப் பளபளத்தால் அன்று ராத்திரி, விளக்கை அணைத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரிக்கும். காலையில் குஞ்சுத் தொட்டியில் லேசாகப் பச்சை ஏறும்வரை பாசி ஊற்றி ரோட்டிஃபரை விடுங்கள். குஞ்சு உடம்பை ‘எஸ்’ போல வளைத்து, ஒரு நொடி நின்று, வெடுக்கென்று பாயும். அதைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

ஐந்தாறு நாளைக்குப் பிறகு ஆர்டீமியாவையும் சேர்க்கலாம். அடியை வெட்டிய இரண்டு லிட்டர் சோடா பாட்டிலைத் தலைகீழாக மாட்டி, லிட்டருக்கு ஒரு கிராம் முட்டை, நல்ல காற்று, வெளிச்சம், 24 மணி நேரம். காற்றை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், பொரியாதது அடியில் தங்கும், ஆரஞ்சுக் குஞ்சுகள் அதற்குச் சற்று மேலே கூடும். அடியில் வரும் முதல் கொஞ்சத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு பிடியுங்கள், பொரியாத முட்டையையோ முட்டை ஓட்டையோ மீன் குஞ்சு விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், மஞ்சள் கரு தீர்ந்தால் அதில் சத்தில்லை.

பத்து, பன்னிரண்டு நாளில் வெள்ளைப் பட்டை தெரியத் தொடங்கும். அப்போதும் வாளியை நிறுத்திவிடாதீர்கள், ஜோடி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டை போடும்.