முதியோரின் மேற்கை எலும்பு முறிவு: சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவறி விழுந்த முதியவருக்குத் தோளை ஒட்டி மேற்கை எலும்பு முறிந்து, எக்ஸ்ரேயில் துண்டுகள் விலகி நிற்பதைப் பார்த்ததும், பிளேட் வைத்துச் சேர்த்துவிட வேண்டும் என்றே வீட்டார் பதறுகிறார்கள். படத்தைச் சீராக்குவதையே சிகிச்சையின் இலக்காகக் கொள்வதுதான் முதல் தவறு. எலும்புப்புரையால் நொய்ந்துபோன எலும்பின் தலைப்பகுதியில் ஸ்க்ரூவுக்குப் போதிய பிடிமானம் கிடைப்பதில்லை. சிலருக்கு அது எலும்பைத் துளைத்து மூட்டுக்குள் நீட்டிக்கொண்டு, மறுபடியும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலை வருகிறது. பிரிட்டனில் 250 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான 'புரோஃபர்' ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கும் ஸ்லிங்கில் கையைத் தாங்கிக் குணமானவர்களுக்கும் இரண்டு ஆண்டு முடிவில் கையின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அதற்காக எல்லா முறிவுக்கும் ஸ்லிங்கே போதும் என்றிருப்பதும் தவறு. மூட்டு நழுவியிருந்தாலோ, எலும்பின் தலையே பிளந்திருந்தாலோ, தோல் கிழிந்திருந்தாலோ, கைக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டாலோ முடிவு வேறாகும். முன்பக்க எக்ஸ்ரே ஒன்றை மட்டும் பார்த்தால் நழுவிய மூட்டு கண்ணில் படாமல் போகலாம். வேறு கோணத்திலும் படம் எடுத்தாக வேண்டும். தோளின் வெளிப்புறம் மரத்திருக்கிறதா என்பதையும் முதல் நாளே சோதிக்க வேண்டும், ஏனெனில் அங்கே செல்லும் நரம்பு இவ்வகை முறிவில் எளிதில் பாதிக்கப்படுகிறது.

நான் மிகவும் வருந்துவது அடுத்த தவறுக்காக. வலிக்குமே என்ற பரிவில், ஆறு வாரம் கையை அசைக்கவே விடாமல் வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடியிருக்கும், ஆனால் தலைவாரக் கை எழாது. விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். நிலையான முறிவாயின், பெரும்பாலும் ஓரிரு வாரங்களில், மருத்துவர் அனுமதித்ததும், முன்னே குனிந்து கையைத் தளரத் தொங்கவிட்டு ஊசல்போல மெல்ல ஆட்டும் பயிற்சியைத் தொடங்கலாம். அந்நிலையில்தான் அக்குளையும் கழுவித் துடைக்க முடியும். விரல் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். சில நாளில் ரத்தக்கட்டு முழங்கைவரை கருநீலமாக இறங்கினால் அஞ்ச வேண்டாம், நீவிவிடவும் வேண்டாம். படுத்தால் வலி கூடுபவர்கள் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தபடி உறங்கலாம்.

கை குணமானதும் எலும்பை மறந்துவிடுவது பெருந்தவறு. நின்ற உயரத்திலிருந்து விழுந்து முறிந்ததே எலும்பு நொய்ந்ததற்கு அடையாளம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், இளவயது எலும்போடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பான டி-ஸ்கோர், எலும்புப்புரைக்கான எல்லையாகிய -2.5 வரை இறங்கவில்லை என்பதாலேயே எலும்பு நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம். வைட்டமின் டி அளவையும், எலும்பை வலுப்படுத்தும் மருந்து தேவையா என்பதையும் முதல் மறுபரிசோதனையிலேயே கேட்டுவிட வேண்டும். ஏன் விழுந்தார் என்பதையும் ஆராய வேண்டும்: தூக்க மாத்திரையா, எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் இறங்குவதா, பார்வைக் குறைவா? ஒரு கை ஸ்லிங்கில் இருக்கும் வாரங்களில் தடுமாறினால் ஊன்றிப் பிடிக்க மறு கை மட்டுமே இருப்பதால், இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியட்டும், துணைக்கும் ஒருவர் இருக்கட்டும்.