குசினி அலுமாரிக் கதவுகளில் கைச்சித்திரம் தீட்டுதல்

மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் ஈரப்பதன் அதிகம் என்பதால், மாரி மழைக்கு முன்னரே இவ்வேலையை முடித்துவிடுவது நல்லது. கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் கதவுகளை முற்றத்தில் வைக்காதீர்கள். தூசு ஒட்டுவதோடு, கோடு முடியுமுன்னரே தூரிகை முனையில் வர்ணம் காய்ந்துவிடும்.

கதவுகளைக் கழற்றி, பின்புறத்தில் இலக்கமிடுங்கள். சித்திரம் உரிந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் வர்ணமல்ல, அடியில் எஞ்சிய எண்ணெய்ப் பிசுக்கே. ஆகவே, தாளிக்கும்போது தெறித்தவை படிந்திருக்கும் கைபிடியோரங்களைச் சவர்க்கார நீரால் இருமுறை கழுவி, நன்கு உலர்த்தி, பழைய எனாமலின் பளபளப்பு மங்கும்வரை 220 இலக்க அரத்தாளால் தேய்த்து, தூசைத் துடைத்த பின்னரே பிரைமர் எனும் அடிப்பூச்சைப் பூச வேண்டும். அதன்மேல் வெளிர் நிறத்தில் இரண்டு மெல்லிய பூச்சுகள் போதும்.

மருதமுனைக் கைத்தறிச் சேலைகளின் கரைக்கோலம் கதவின் ஓரத்திற்கு மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம். நடுவில் ஒரு தாமரையோ மீனோ இருந்தால் போதும், இடைவெளி முழுவதையும் நிரப்பிவிட வேண்டாம். மாதிரியை மெல்லிய கடதாசியில் வரைந்து, அதன் பின்புறத்தில் பென்சில் கரியை அழுத்தித் தேய்த்து, கதவில் ஒட்டி, கோடுகளின்மேல் மீண்டும் வரைந்தால் மங்கலான சுவடு பதியும்.

அக்ரிலிக் வர்ணத்தால் முதலில் பெரிய பரப்புகளையும், அவை உலர்ந்தபின் கோடுகளையும் தீட்டுங்கள். மறுநாள் நீர்வகைத் தெளிவார்னிஷை இரண்டு தடவை பூசுங்கள். எண்ணெய்வகை வார்னிஷ் காலப்போக்கில் வெள்ளையை மஞ்சளாக்கிவிடும். கதவுகளை மாட்டிய பின்னர், இரண்டு மூன்று வாரங்களுக்கு அவற்றை அழுத்தித் தேய்த்துக் கழுவக் கூடாது.