சின்னப் புத்தகக்கடையில் கறுப்பின எழுத்துக்கு ஓர் இறாக்கை

மட்டக்களப்பில் ஒரு சின்னப் புத்தகக்கடை வாடகை கட்டுவது கொப்பி, பேனை, புலமைப்பரிசில் வினாத்தாள் விற்றுத்தான். என் கடையும் அப்படித்தான் ஓடுகிறது. அதற்குள்ளேயே கறுப்பின எழுத்தாளர்களுக்கென்று ஓர் இறாக்கை வைத்திருக்கிறேன். கல்முனை, வாழைச்சேனைப் பக்கம் கடை நடத்துபவர்கள் இதை எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பிலேயே நிறையப் புத்தகம் வேண்டியதில்லை. லண்டனில் ஜோன் லா ரோஸும் சாரா வைற்றும் 1966இல் நியூ பீக்கன் புக்ஸ் என்ற கறுப்பின எழுத்துக்கான கடையைத் தங்கள் வீட்டிலிருந்தே தொடங்கினார்கள். விற்றதோடு நிற்காமல் தாங்களே பதிப்பித்தார்கள். நியூயோர்க்கின் ஹார்லெமில் லூயிஸ் மிஷோ 1930களில் திறந்த கடையில், காசில்லாதவர்களும் பின்பக்கம் உட்கார்ந்து படிக்கலாம். அந்தப் பழக்கத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாங்கு போட இடம் இருந்தால் போதும்.

தமிழில் கிடைப்பவற்றை முதலில் வையுங்கள். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபே 1958இல் வெளியிட்ட நாவல் ‘சிதைவுகள்’ என்று தமிழில் இருக்கிறது. கூகி வா தியாங்கோவின் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ இன்னொன்று. கென்யச் சிறையில் கழிப்பறைக் கடதாசியில், தன் தாய்மொழியான கிக்கூயுவில் அவர் அதை எழுதினார். இதை அட்டை ஒன்றில் இரண்டு வரியாக எழுதிப் புத்தகத்தின் மேலே செருகி வையுங்கள். வினாத்தாள் வாங்க வரும் உயர்தர மாணவர்கள் அந்த அட்டையைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு அமெரிக்க நாவலாசிரியர் டொனி மொரிசன், கரீபியக் கவிஞர் டெரெக் வால்கொட், நைஜீரிய நாடகாசிரியர் வோலே சொயிங்கா. சன்சிபாரில் பிறந்து 2021இல் நோபல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னாவையும் விடாதீர்கள். அவர் எழுதும் கரை நம்முடைய இதே இந்து சமுத்திரத்தின் மறுபக்கம். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த உலகம் அந்நியமாக இராது.

தெரிவு செய்யும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வெளியூர்க்காரர்கள் மட்டக்களப்பு என்றால் யுத்தத்தையும் சுனாமியையும் மட்டும்தான் கேட்கிறார்கள். நம் கூத்தையும், நையாண்டியையும், காதல் கவியையும் யார் கேட்கிறார்கள்? அது எவ்வளவு வலிக்கும் என்று நமக்குத் தெரியும். அதே அநியாயத்தை நாம் இன்னொருவருக்குச் செய்யக் கூடாது. அடிமை வரலாறு கட்டாயம் இருக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே காதல் கவிதை, சிறுவர் கதை, துப்பறியும் நாவல், இசை பற்றிய புத்தகம் எல்லாம் இருக்கட்டும். கதவில் ஒட்டும் படத்திலும் விலங்கு பூட்டிய கை வேண்டாம். சிரிக்கிற ஓர் எழுத்தாளரின் முகத்தைப் போடுங்கள்.

இறாக்கையைக் கடையின் கடைசி மூலையில் வைக்காதீர்கள். காணி, சாதி, இடப்பெயர்வு பற்றி நம் ஆட்கள் எழுதிய கவிதைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றைத் தேடி வருபவர் மற்றதையும் கண்டுகொள்வார். வாவிக் காற்றுக்குச் சுவர் எப்போதும் ஈரம்தான், அதனால் சுவருக்கும் பலகைக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

அடுத்தது வாசிப்பு. சனிக்கிழமை பின்னேரம் நல்ல நேரம். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில், பால்டிமோர் நகரத் தெருவில் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குப் பாண் கொடுத்து எழுத்துப் படித்த பகுதி ஒன்று வரும். அதைத் தமிழாக்கி வாசியுங்கள். மிகப் பழைய நூல் என்பதால் உரிமை கேட்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அனன்சி என்ற சிலந்தியின் கதை. கானாவின் அக்கான் மக்களிடம் பிறந்து, அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களோடு ஜமேக்கா வரை போன கதை அது. சின்னஞ்சிறு சிலந்தி தந்திரத்தால் பெரிய மிருகங்களை வெல்லும். இதை வாசிக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரைக் கூப்பிட்டுப் பாட்டோடு சொல்லச் சொல்லுங்கள், பிள்ளைகள் பிற்பாட்டுப் பாடட்டும். நான் பார்த்த அளவில், அப்படிக் கேட்ட பிள்ளை அடுத்த கிழமை தாயையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

அப்புறம் காசு. சென்னைப் புத்தகங்களுக்குப் பார்சல் கூலிதான் கடி. தனியாக எடுக்காமல் இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து ஒரே பெட்டியாக எடுத்தால் தாங்கலாம். செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களிடமும் பட்டியல் கொடுத்து விடுங்கள். மாணவர்களுக்குத் தவணைக்குக் கொடுங்கள். பெயர், புத்தகம், கட்டிய தொகை என்று ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்தால் சரி. போட்டோக்கொப்பி போட்டு மட்டும் விற்காதீர்கள், எழுதியவருக்குச் சேர வேண்டிய காசு அது.