ஆபரேஷன் முடிந்து வந்தவர் குறட்டை விட்டால்

தியேட்டரிலிருந்து ஆளை வார்டுக்குக் கொண்டுவந்ததும் கூட இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, "பாவம், அசந்து தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அன்பில் செய்வதுதான். ரெக்கவரி அறையில் வேலை பார்க்கும் நர்ஸ் நான்; முதல் 24 மணி நேரத்துக்கு அந்தத் தூக்கத்தின் மேல் எனக்குச் சந்தேகம் தீராது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரப் போவது நீங்கள் என்றால் எதைப் பார்க்க வேண்டும், எப்போது எங்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

வேலை முந்தைய நாளே தொடங்கிவிடும். மயக்க டாக்டர் வந்து கேள்வி கேட்கும்போது நோயாளிக்கு முன்னால் முந்திக்கொண்டு "ஒண்ணுமில்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கார்" என்று முடித்துவிடாதீர்கள். வீட்டில் சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் கொட்டுங்கள். லேகியம், சூரணம், தூக்க மாத்திரை எல்லாம் அதில் சேர்த்தி. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே அவற்றை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் அறிவித்தது. நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு பார்க்க ஒழுங்காக இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ செமாகுளூடைட் ஊசி போடுகிறவர்களுக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், அதையும் சொல்ல வேண்டும். கால் எரிச்சலுக்கு இரவில் போடும் பிரிகாபலின், காபாபென்டின் மாத்திரையைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. அதோடு மார்ஃபின் மாதிரி வலி மருந்தும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் என்று 2019 டிசம்பரில் அதே எஃப்.டி.ஏ. எச்சரித்தது.

அப்புறம், தூக்கத்தில் குறட்டை விடுவாரா, நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று விழிப்பாரா என்ற கேள்வி. இதற்கு நோயாளியின் பதில் செல்லாது. பக்கத்தில் படுக்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் ஏறினால் வாந்தி வருமா என்று கேட்டாலும் சிரிக்காதீர்கள். 1999-ல் ஆப்ஃபெல் என்ற ஜெர்மன் மயக்க டாக்டர் வெளியிட்ட கணக்கு அது. பெண்ணாக இருப்பது, புகை பிடிக்காதது, பயண வாந்தியோ முந்தைய ஆபரேஷனுக்குப் பின் வாந்தியோ இருந்தது, பின்னால் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுவது என்று நான்கு காரணங்கள். ஒன்றும் இல்லாதவருக்கு மயக்கம் தெளிந்தபின் வாந்தி வர 10 சதவீத வாய்ப்பு. நான்கும் இருந்தால் 80-ஐ நெருங்கும். (புகை பிடிப்பவருக்கு வாந்தி குறைவு என்பது உண்மைதான். அதற்காக யாரும் பெட்டிக்கடைக்குப் போக வேண்டாம்.) முன்கூட்டியே தெரிந்தால் தியேட்டரிலேயே அதற்கான ஊசியைப் போட்டுவிடுவார்கள்.

வெறும் வயிற்றுக் கணக்கு: பிரியாணி, பூரி மாதிரி எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு 8 மணி நேரம், இட்லிக்கு 6, வெறும் தண்ணீருக்கு 2. பால் கலந்த டீ, காபி தண்ணீர்க் கணக்கில் வராது, இட்லிக் கணக்கில்தான் வரும். "அரை டம்ளர் பால்தானே" என்று பாட்டிகள் ரகசியமாகக் கொடுப்பது உண்டு. கொடுத்துவிட்டீர்களா, சரி, மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷனைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம், மயக்கத்தில் அந்தப் பால் நுரையீரலுக்குள் போனால் சமாளிப்பது கஷ்டம்.

இனி மூச்சு. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற மருந்துகள் வலியை மட்டும் அடக்குவதில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது "மூச்சு விடு" என்று மூளை போடும் உத்தரவையும் மந்தமாக்கிவிடும். முதலில் கண் சொக்கும், தொண்டைத் தசை தளர்ந்து குறட்டை வரும், பிறகு மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீளும். அமெரிக்காவில் இப்படி மூச்சு அடங்கிப் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டு வழக்குகளை அலசி 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் 88 சதவீதம் ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் நடந்தவை. 62 சதவீதம் பேர் மூச்சு அடங்குவதற்கு முன்னாலேயே அளவுக்கு மீறித் தூங்கி வழிந்திருக்கிறார்கள். 2020-ல் வந்த பிராடிஜி ஆய்வில் சாதாரண வார்டில் இருந்த 1,335 பேருக்கு இடைவிடாமல் மூச்சைக் கண்காணிக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். 46 சதவீதம் பேருக்கு ஒரு தடவையாவது மூச்சு மந்தமாகியிருந்தது. 60 வயது தாண்டியவர், ஆண், இந்த வகை மருந்தே பழக்கமில்லாதவர், தூக்கத்தில் மூச்சுக் கோளாறு உள்ளவர், இதயம் பலவீனமானவர் என்று யாருக்கு ஆபத்து அதிகம் என்பதும் அதில் தெரிந்தது.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் கிளிப்பில் 97. எண்ணைப் பார்த்து நிம்மதியான மகன் போனை எடுத்துவிட்டார். மருமகள்தான் என்னிடம் வந்து, "சிஸ்டர், மாமாவுக்குக் குறட்டை விட்டு விட்டு வருது" என்றார். போய்க் கையைக் கட்டிலில் ஊன்றி எண்ணினேன். நிமிடத்துக்கு 7. தாடையைத் தூக்கிப் பிடித்து, தோளை உலுக்கி, "ஐயா, கண்ணைத் திறங்க, மூச்சை நல்லா இழுங்க" என்றதும் பெருமூச்சு விட்டுப் பார்த்தார். மயக்க டாக்டர் வந்து டிரிப்ஸில் போய்க்கொண்டிருந்த வலி மருந்தை நிறுத்தினார். கிளிப் பொய் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு எவ்வளவு குறைந்தாலும் அந்த எண் வெகுநேரம் நன்றாகவே காட்டும், அவ்வளவுதான்.

அதனால் எண்ணப் பழகுங்கள். கடிகாரத்தில் முழுதாக ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், இடைவெளி விட்டுவிட்டு வரும் மூச்சில் அது ஏமாற்றும். விலாப் பக்கம் போர்வை ஏறி இறங்குவதைப் பாருங்கள். தொண்டை அடைத்திருந்தாலும் நெஞ்சு ஆடும் என்பதால் மூக்கருகே புறங்கையை வைத்துக் காற்று படுகிறதா என்றும் பாருங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருந்தால் கவலையில்லை. 10-க்குக் கீழே போனால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள். 8-க்குக் கீழே என்றால், கூப்பிட்டபடியே எழுப்பி, தாடையைத் தூக்குங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் பேர் சொல்லி அழைத்தால் கண் திறக்கவில்லை, அல்லது பேச்சின் நடுவே சொக்கி விழுகிறார் என்றாலும் அதே அவசரம்தான். மார்ஃபினை முறிக்கும் நாலக்ஸோன் என்ற மருந்தைப் போட்டதும் சட்டென்று விழித்துக்கொள்வார். ஆனால் மார்ஃபின் உடம்பில் இருக்கும்போதே நாலக்ஸோனின் வேலை முடிந்துவிடும், மறுபடி சொக்கலாம். அப்போதுதான் கூடுதல் கவனம் தேவை.

வலி வந்தால் நோயாளியே அழுத்திக்கொள்ளும் பட்டன் கொடுத்திருந்தால் அதை அவர் மட்டும்தான் தொட வேண்டும். சொக்கிப்போனவரால் அழுத்த முடியாது, மருந்தும் ஏறாது. அந்தக் கருவியின் பாதுகாப்பே அதுதான். தூங்குகிறவருக்காக மகள் அழுத்தினால் அது போயிற்று.

முழு மயக்கம் கொடுத்தவருக்குத் தசையைத் தளர்த்தும் மருந்தும் போட்டிருக்கலாம். அது முழுதாக இறங்காவிட்டால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. இதைச் "சோர்வு" என்று நினைத்து விடாதீர்கள், சொல்லுங்கள். அந்த மருந்தை முறிக்க சுகமடெக்ஸ் போட்டிருந்தால், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அடுத்த 7 நாளைக்கு வேறொரு தடுப்பு முறையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாமியார் முன்னால் கேட்கத் தயங்குகிறார்கள் என்று நான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன்.

வயதானவர் இரவில் எழுந்து ட்யூபைப் பிடுங்கினால் பேய் பிடித்ததென்று பயப்பட வேண்டாம். ஆபரேஷனுக்குப் பின் வரும் குழப்பம் அது. கண்ணாடியை மாட்டி, காது மெஷினை வைத்து, பழகின குரலில் "அப்பா, ஆஸ்பத்திரியில இருக்கோம், ஆபரேஷன் முடிஞ்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். தூக்க மாத்திரை கேட்காதீர்கள், பலருக்கு அது குழப்பத்தை அதிகமாக்கும். சத்தமே போடாமல் வெறித்துப் படுத்திருப்பதும் இதே குழப்பத்தின் இன்னொரு முகம். அதுதான் கண்ணுக்குத் தப்பும்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் ஊசி போட்டவர் கால் அசைகிறது என்று தானாக இறங்கக் கூடாது. நிற்க வைக்க நாங்கள் வருவோம். தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்தே கிடந்தால் இந்த ஊசியால் வரும் தலைவலி வராது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், ஆய்வுகளில் அது தேறவில்லை. உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் அடங்கும் என்கிற தலைவலி ஓரிரு நாளில் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், அதற்கு வைத்தியம் உண்டு.

அன்றே வீட்டுக்கு அனுப்பினால் 24 மணி நேரம் வண்டி ஓட்டுவது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது, மது எதுவும் கூடாது. இரவில் தனியாகப் படுக்க விடாதீர்கள். தூக்கம் வரவழைக்கும் சளி மருந்தை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கிளம்பும் முன், மயக்கத்தில் ஏதாவது சிக்கல் இருந்ததா, எந்த மருந்தால் என்று கேட்டு டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த தடவை எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அங்கே இருக்கும் மயக்க டாக்டர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.