வீட்டுக் கவலையைப் பிள்ளையிடம் சொல்லும் முறை

வீட்டில் கவலை ஒன்று புகுந்தால், அதைப் பிள்ளையிடமிருந்து மறைத்துத் திணறுவதைவிட, என்ன நடந்தது, அதற்குப் பிள்ளை காரணமில்லை, நாளை அதை யார் கவனித்துக்கொள்வார் என்னும் மூன்றையும் பகல் வேளையிலேயே எளிய வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். "அப்பத்தாவுக்கு நெஞ்சு வலி, காரைக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், நீ செய்த எதனாலும் இது வரவில்லை, நாளைக்கு ஐயா உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார்" என்பதே போதும்.

சுமார் 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், வீட்டில் நேரும் தீங்குக்குத் தங்கள் குறும்பே காரணம் என்று எளிதில் எண்ணிக்கொள்வார்கள். வளவு என்னும் முற்றத்தைச் சுற்றிய பகுதியில் பேசுவது, அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டு வரை கேட்கும் செட்டிநாட்டு வீடுகளில், அரைகுறையாகக் காதில் விழுந்ததற்கு மீதியை அவர்களே கற்பனையால் நிரப்பிக்கொள்வதும் உண்டு. அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியது. விடை முதலிலேயே கிடைத்துவிட்டால், படுக்கும் நேரத்தில் அதே கேள்வி திரும்பத் திரும்ப வருவது குறையும். இறந்தவரைத் "தூங்குகிறார்" என்று சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். பிள்ளை தூங்கவே அஞ்சக்கூடும்.

கடன் தொகை, பங்காளிகளுக்கிடையே உள்ள வீட்டுப் பங்கு வழக்கு, கணவன் மனைவி பூசலில் யார் மீது தவறு என்பன போன்றவற்றுக்கு இம்முறை பொருந்தாது. மருத்துவர் இன்னும் உறுதிசெய்யாத நோயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவும் வேண்டாம். சொல்பவரால் அழுகையை அடக்க முடியாத நிலையில், பிள்ளை ஒட்டிப் பழகும் ஆயாவோ (பாட்டி) அத்தையோ சொல்லட்டும்.