எலக்ட்ரோஸ்பின்னிங் லேபில் டெக்னீஷியன் வேலை: கரைசல், காற்று, கரண்ட்

ஸ்பின்னிங் மில்லில் காற்று காய்ந்தால் நூல் அறும் என்று ஈரத்தை ஏற்றுவார்கள். திருப்பூர், கோவைப் பக்கம் மில் வேலை பார்த்துவிட்டு பயோமெடிக்கல் லேபுக்கு வருகிறவர்கள் அந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். எலக்ட்ரோஸ்பின்னிங் என்பது ஊசியிலிருந்து வரும் பாலிமர் கரைசலை ஹைவோல்டேஜால் மெல்லிய இழையாக இழுத்து, எதிரே ஃபாயில் சுற்றிய கலெக்டர் தகட்டில் படியவைப்பது. இப்படிக் காயத்துக்குப் போட எடுக்கும் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) நானோ இழைக்கு ஈரம் கூடினால் ஆபத்து. தண்ணீர் ஆவியாகாமலே இழை போய்ப் படியும். ஒன்றோடொன்று ஒட்டிப் பிளாஸ்டிக் தாள் மாதிரி ஆகிவிடும். இழை எடுக்கும் பெட்டிக்குள் ஈரப்பதத்தை 35 முதல் 45 சதவீதம் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் டீஹியூமிடிஃபையரை ஒரு மணி நேரம் முன்பே ஓடவிடுங்கள். ரொம்பக் காய்ந்தாலும் ஊசி முனையில் கரைசல் கட்டிக்கொள்ளும்.

கரைசலுக்கு 10 கிராம் பி.வி.ஏ. தூளைப் பச்சைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். சுடுதண்ணீரில் கொட்டினால் மேல்தோல் மட்டும் கரைந்து, உள்ளே தூள் அப்படியே கட்டியாக நிற்கும். பிறகு 85 டிகிரியில் மூடிவைத்து 2 முதல் 3 மணி நேரம் கலக்குங்கள். ஆறியதும் மொத்தத்தை 100 மி.லி. ஆக்குங்கள். குமிழி அடங்க ஒரு ராத்திரி விட்டுவிடுவது நல்லது. தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர்தான். போர் தண்ணீரின் உப்பு கரைசலின் மின்கடத்துத்திறனை மாற்றிவிடும்; சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியோ, அதுவும் இங்கே ஆகாது.

தொடக்க அளவு: 22 கேஜ் மொட்டை ஊசி, மணிக்கு 0.5 மி.லி. கரைசல், ஊசிக்கும் கலெக்டருக்கும் 15 செ.மீ. தூரம், 15 முதல் 20 கிலோவோல்ட். சிரிஞ்சின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து பம்பில் போடுங்கள். 12 மி.மீ. சிரிஞ்சை மாட்டிவிட்டு 14.5 என்று போட்டால் கரைசல் சுமார் 30 சதவீதம் குறைவாக வரும். பம்பின் திரையோ சரியான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பல நாள் குழப்பத்துக்கு இதுவே காரணம்.

இழையில் மணி மணியாகத் தெரிந்தால் கரைசல் நீர்த்திருக்கிறது: பி.வி.ஏ. மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக்கொள்ளப் போதாமல் பரப்பு இழுவிசை ஜெயிக்கிறது. பி.வி.ஏ.வை ஒன்றிரண்டு சதவீதம் கூட்டுங்கள். ஃபாயிலில் சொட்டு விழுந்தால் பம்பைக் குறையுங்கள். வோல்டேஜை மட்டும் ஏற்றிப் பார்ப்பது வீண் வேலை.

ஹைவோல்டேஜை அணைத்த உடனே கதவைத் திறக்காதீர்கள். மீட்டர் பூஜ்யத்துக்கு வரட்டும், பிறகு எர்த் கம்பியை ஊசியிலும் கலெக்டரிலும் தொடுங்கள். எத்தனை அவசரமானாலும் இதைத் தாண்டக் கூடாது.

எடுத்த இழைப் பாயை அப்படியே தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். கரையாமல் இருக்கச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். ஃப்யூம் ஹூடுக்குள், டெசிகேட்டரில் (காற்றுப் புகாத கண்ணாடிப் பாத்திரம்), 25 சதவீத குளூட்டரால்டிஹைடின் ஆவியில் 24 மணி நேரம் வையுங்கள். வினை நடக்க அதில் சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். மிச்சம் நிற்கும் ஆல்டிஹைடு செல்களைக் கொல்லும். அதனால் 100 மி.லி.க்கு 0.75 கிராம் கிளைசின் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பி.பி.எஸ்.ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) மூன்று முறை அலசுங்கள்.

செல் வளர்க்கும் கல்ச்சர் ஆட்களிடம் கொடுக்குமுன் ஒரு சின்னத் துண்டை வெட்டி 37 டிகிரித் தண்ணீரில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். கொழகொழவென்று ஆனால் அந்தத் தொகுதியே போகக் கூடாது. அன்றைய ஈரப்பத எண்ணோடு நோட்டில் அதையும் எழுதிவையுங்கள்.